பழகின ஒடம்பு

"அவனுவளுக்கு என்னங்க, பழகின ஒடம்பு."

எங்கள் ஊர் மிராசுதார் இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயசிருக்கும். குறுவைப் பயிர் தூர் கட்டி நின்ற சமயம். அப்பா வயலுக்குள் மருந்து அடித்துக் கொண்டிருந்தார். இடுப்பில் கோவணம், முதுகில் தெளிப்பான், வேறொன்றும் இல்லை. தெளிப்பானின் மூடி ஓரம் கசிந்து முதுகுத்தண்டு வழியே மருந்து வழிந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "மேலுக்கு ஒரு சட்டைகூட இல்லாம அடிக்கிறானே, ஒண்ணும் செய்யாதா?" என்று கேட்டார். அதற்கு வந்த பதில்தான் அது. மருந்து என்றுதான் எங்கள் பக்கம் சொல்கிறோம். கொல்லுகிற நஞ்சுக்கு மருந்து என்று பேர் வைத்தவர்கள் அதை முதுகில் சுமக்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று ராத்திரி அப்பாவுக்கு வாயில் எச்சில் ஊறி வழிந்தது. உடம்பெல்லாம் வேர்வை. தொடைச் சதையும் கண்ணிமையும் தன்னால் துடித்தன. கண் பாவை கடுகு மாதிரி சுருங்கிக் கிடந்ததைச் சிமினி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஊசி போட்டார்கள். அது அட்ரோபின் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நாலாம் நாள் மறுபடியும் தெளிப்பானைத் தூக்கினார். "போவாதய்யா" என்று ஆயா அழுதது. அப்பா சொன்னார்: "நமக்கு ஒண்ணும் ஆவாது, பழகின ஒடம்பு."

மிராசுதாரின் வாய்ச்சொல் அப்பாவின் வாய்க்குள் போய்விட்டது. இந்த ரெண்டு சொல்லை வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒரு கூட்டத்தாரின் உடம்பு நஞ்சுக்கும் வெயிலுக்கும் பசிக்கும் பழகிவிடும் என்பது உண்மையா என்பது விஞ்ஞானக் கேள்வி. அப்படிச் சொல்வதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது அறம் சார்ந்த கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பேச முடியாது என்பது என் அனுபவம்.

எங்கள் தெருவிலிருந்து விலங்கியல் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் நான். அங்கே பரிணாமம் நடத்திய ஆசிரியர் ஒருவர் நல்ல பாடக்காரர். டார்வின், மால்தஸ், கலாபகஸ் தீவுக் குருவிகள் எல்லாம் கதை போலச் சொல்லுவார். பலகையில் 'தக்கன பிழைத்தல்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "இயற்கையில இட ஒதுக்கீடு கெடையாது. தகுதி இருந்தா நிக்கும், இல்லேன்னா போகும்" என்றார். மண்டல் அறிக்கைக்கு எதிராக வடக்கே பஸ் எரிந்துகொண்டிருந்த வருசம் அது, 1990. வகுப்பே சிரித்தது. முதல் பெஞ்சில் சிலர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதில் தெரியவில்லை என்பது மட்டும் காரணமில்லை. அப்பா வேறு அதே மாதிரி சொல்லியிருக்கிறாரே, ஒருவேளை இது உண்மைதானோ என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

பதிலைத் தேடப் பல வருசம் ஆனது. முதலில் சொற்களைக் கவனித்தேன். தமிழில் 'இயற்கைத் தேர்வு' என்கிறோம். நம் பிள்ளைகளுக்குத் தேர்வு என்றால் பரீட்சை. கேள்வித்தாள், மதிப்பெண், பாஸ், பெயில். இயற்கை ஒரு வாத்தியார் மாதிரி உட்கார்ந்து பரீட்சை வைத்துத் தேறியவனை மேலே அனுப்புகிற சித்திரம் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மனசில் வந்துவிடுகிறது. ஈழத்துப் பாடநூல்களில் 'இயற்கைத் தெரிவு' என்று போடுகிறார்கள். அது கொஞ்சம் தேவலை. 'தக்கன' என்பதிலோ தகுதி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொற்றொடர் டார்வின் உண்டாக்கியதும் இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864ல் எழுதியது. வாலஸ் வற்புறுத்தியதால் டார்வின் தன் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில், 1869ல், அதைச் சேர்த்துக்கொண்டார். தகுதி, திறமை என்று நம்மை அடிக்கிற கம்பு அந்த வழியாகத்தான் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

சொல்லை விட்டுவிட்டு விசயத்துக்கு வருவோம். இயற்கைத் தேர்வு என்பது எங்கும் எப்போதும் தன்னால் நடந்துகொண்டிருக்கிற காரியம் இல்லை. அது நடக்கச் சில நிபந்தனைகள் வேண்டும். ஒரு கூட்டத்துக்குள் உயிர்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்க வேண்டும். அந்த வேறுபாடு பெற்றதிலிருந்து பிள்ளைக்குப் பிறப்பு வழியாகப் போக வேண்டும். அந்த வேறுபாட்டினாலேயே சிலது கூடுதலாகவும் சிலது குறைவாகவும் குஞ்சு பொரித்து மிச்சம் வைக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் கூட்டத்தின் தன்மை மாறும். ஒன்று குறைந்தாலும் நடக்காது. ரிச்சர்ட் லெவொண்டின் 1970ல் இதைச் சுருக்கமாக எழுதி வைத்தார். ஆனால் லெவொண்டினைப் படிக்கும் முன்பே இதை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் வயலிலேயே. பார்த்தது இதுதான் என்று அப்போது புரியவில்லை, அவ்வளவுதான்.

அப்பா அடித்தது புகையானுக்கு. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசி மணியைவிடச் சின்னது, பழுப்பு நிறம், தூருக்கு அடியில் தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பச்சையாகத்தான் தெரியும். ஒரு நாள் பார்த்தால் வயலுக்கு நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து புகை பிடித்த மாதிரி நிற்கும். அதனால் புகையான். எப்போதாவது வந்து போன பூச்சிதான். 1960ல் பாக்கேஜ் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், மருந்து எல்லாம் ஒரே மூட்டையாக வந்தது. ஏ.டி.டி. 27 வந்தது, ஐ.ஆர். 8 வந்தது. நெருக்கி நட்டு, யூரியாவைக் கொட்டி, மருந்தும் அடித்தோம். ஆசியா முழுக்க அப்படித்தான். 1970களில் நெல் விளைகிற நாடுகளிலெல்லாம் புகையான் பெருவாரியாகக் கிளம்பியது.

மருந்து அடித்தும் ஏன் கூடியது? முட்டை இலை உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்து அதைத் தொடுவதில்லை. ஆனால் புகையானைத் தின்கிற சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் செத்துப் போகின்றன. முட்டை பொரிந்து வருகிற குஞ்சுக்கு எதிரி இல்லாத வயல் கிடைக்கிறது. இதை வயலில் சோதித்து நிரூபித்த பிறகு, 1986ல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. இது ஒரு பாதி. இன்னொரு பாதிதான் நம் பேச்சு.

மருந்துக் கடைக்காரர் சொல்லுவார்: "பூச்சி பழகிடுச்சு, அளவைக் கூட்டு." இங்கேயும் பார்த்தீர்களா, பழகிடுச்சு! அந்தச் சொல் தவறு. எந்தப் பூச்சியும் பழகவில்லை. ஒரு கணக்குக்காக ஒரு வயலில் ஆயிரம் புகையான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தின் உடம்பில் நஞ்சைச் சிதைக்கிற ஒரு நொதி பிறவியிலேயே கூடுதலாகச் சுரக்கிறது. மருந்து வருவதற்கு முன்பே இருக்கிறது. மருந்து அதை உண்டாக்கவில்லை. அப்பா அடிக்கிறார். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு செத்துவிடுகிறது. மிஞ்சிய பத்தும் ஒவ்வொன்றும் இருநூறு முந்நூறு முட்டை வைக்கிறது. மூணு நாலு வாரத்தில் குஞ்சு தாயாகிவிடும். அடுத்த முறை அடிக்கும்போது வயலில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பத்தின் வம்சம். கடைக்காரர் கண்ணுக்குப் பூச்சி பழகியதாகத் தெரிகிறது. நடந்தது என்னவென்றால் பழகாதவை எல்லாம் செத்தன. கூட்டம் மாறியது, எந்த ஒரு பூச்சியும் மாறவில்லை. இமிடாகுளோபிரிட் என்ற மருந்து 1990களில் வந்தபோது புகையானுக்கு இனி முடிவு என்றார்கள். 2000களின் நடுவில் ஆசியாவின் பல நாடுகளில் அது வேலை செய்யவில்லை. பிழைத்த பூச்சிகளில் நஞ்சைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு இரட்டிப்பாகி இருப்பதைப் பிறகு ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள்.

இனி மிராசுதாரின் வாக்கியத்துக்கு வருகிறேன். ஒரு கூட்டம் நஞ்சைத் தாங்குகிறது என்றால் அதற்கு விலை இருக்கிறது. அந்த விலை சாவு. தாங்காதவை பிள்ளை பெறும் முன் சாக வேண்டும், தலைமுறை தலைமுறையாகச் சாக வேண்டும். வருசம் முழுக்கப் பயிர் நின்றால் புகையானுக்கு வருசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. பத்து வருசத்தில் நூறைத் தாண்டிவிடும். நமக்கு நூறு தலைமுறை என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு வருசம். பாக்கேஜ் திட்டம் வந்து முழுசாக மூன்று தலைமுறைகூட ஆகவில்லை. ஆக, சேரிக்காரன் உடம்பு பழகிவிட்டது என்று சொல்கிறவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது தாங்காத எங்கள் ஆட்கள் எல்லாரும் ஏற்கெனவே செத்து ஒழிந்துவிட்டார்கள் என்று சொல்கிறார். அவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாக்கியத்தை மாற்றியிருப்பாரா என்பது சந்தேகம்தான். அந்த வாக்கியத்தால் அவருக்கு ஒரு சட்டை, ஒரு ஜோடி கையுறை, ஒரு நல்ல மூடி வாங்குகிற காசு மிச்சம்.

இன்னொரு விசயம், இது எனக்கு ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அப்பா அடித்த ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து நரம்பு மண்டலத்தில் வேலை செய்கிற அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. பூச்சி அதனால்தான் துடித்துச் சாகிறது. அதே நொதி மனுசனுக்கும் இருக்கிறது. கோடானுகோடி வருசத்துக்கு முந்திய பொது மூதாதையிடமிருந்து புகையானுக்கும் நமக்கும் வந்து சேர்ந்த சொத்து அது. அப்பாவுக்கும் உண்டு, வரப்பில் நின்ற மிராசுதாருக்கும் உண்டு. கைக்குட்டையை மூக்கில் வைத்தவருக்கும்தான். பரிணாமத்தை நம்புகிறவர் எவரும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதை. நஞ்சைச் சிதைக்கிற நொதிகளில் ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் உண்டு, மறுக்கவில்லை. பராக்ஸனேஸ் என்று ஒன்று இருக்கிறது. சிலருக்கு நன்றாக வேலை செய்யும், சிலருக்கு மந்தம். அந்த ஏற்ற இறக்கம் எல்லாக் கூட்டத்துக்குள்ளும் கலந்துதான் கிடக்கிறது. அக்ரகாரத்துக்கு ஒன்று சேரிக்கு ஒன்று என்று பிரித்து வைக்கவில்லை.

வேறுபாடு இருந்தால் மட்டும் போதாது, அது பிறப்பு வழியே போக வேண்டும் என்றேன். இங்கேதான் நம் ஊரில் பெரிய பித்தலாட்டம் நடக்கிறது. புகையானிலேயே இரண்டு உருவம் உண்டு. நீளச் சிறகு உள்ளது பறந்து அடுத்த வயலுக்கோ அடுத்த நாட்டுக்கோ போகும். குட்டைச் சிறகு உள்ளது இருந்த இடத்திலேயே முட்டை வைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு சாதி என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரே தாயின் முட்டையில் இரண்டும் வரலாம். கூட்டம் நெருங்கி, பயிர் வற்றினால் குஞ்சுகள் நீளச் சிறகோடு வளரும். பயிர் செழிப்பாக இருந்தால் குட்டைச் சிறகு. உடம்பிலுள்ள இரண்டு இன்சுலின் ஏற்பிகள் இதை முடிவு செய்கின்றன என்று சீனத்து ஆய்வாளர்கள் 2015ல் காட்டினார்கள். சாப்பாட்டையும் இடத்தையும் பொறுத்து உருவம். சேரிப் பிள்ளை உயரம் குறைவு, எடை குறைவு என்று அளந்து எழுதுகிறவர்கள் அந்த அளவை எங்கே வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பூச்சி போதும்.

இன்னும் நெருக்கமான உதாரணம் எங்கள் பக்கத்து உழவு மாடு. தலைஞாயிறு பக்கம் உம்பளச்சேரி என்று ஊர். அந்த ஊர்ப் பேரிலேயே மாட்டினம். சின்ன உடம்பு, உறுதியான கால், தொடை வரை புதைகிற சேற்றிலும் சளைக்காமல் ஏர் இழுக்கும். கன்று பிறக்கும்போது செம்பட்டை, வளர வளரச் சாம்பல் நிறம். உழவுக்குப் பழக்குகிற காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவார்கள். அதனால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். எத்தனை தலைமுறையாக இந்தப் பழக்கம்! எங்கள் பாட்டன் காலத்திலும் உண்டு. ஆனால் இன்றைக்குப் பிறக்கிற கன்றும் கொம்புக் குருத்தோடுதான் பிறக்கிறது. மறுபடியும் தீய்க்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் வைஸ்மான் என்பவர் 1880களில் எலியின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார், வால் முளைக்காமல் எலி பிறக்கவில்லை. உம்பளச்சேரிக்கு வந்திருந்தால் அவருக்கு வேலை மிச்சமாகியிருக்கும். தீய்த்த கொம்பு வாரிசுக்குப் போகாது. இந்த மாட்டுக்கு இன்னொரு பேர் சொல்ல மறந்துவிட்டேன். சாதி மாடு.

சவுக்கடி பட்ட முதுகும் அப்படித்தான், மகன் முதுகில் தழும்போடு பிறப்பதில்லை. சாணிப்பால் குடித்த வயிறும் பிறப்பு வழியே வராது. ஆனால் தஞ்சாவூர்ப் பண்ணையில் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஒன்று தவறாமல் வந்தது. கடன். கல்யாணத்துக்கு வாங்கிய நெல்லும், சாவுக்கு வாங்கிய பணமும் மிராசுதார் கணக்கில் நின்று, பையன் மாடு மேய்க்கிற வயசில் அவன் தலைக்கு மாறும். மறுபக்கம், மிராசுதார் மகனுக்கு வேலி வேலியாக நிலம் வந்தது. இரண்டுமே பரம்பரை. இரண்டுமே ரத்தத்தில் இல்லை, பத்திரத்தில் இருந்தது. அதனால்தான் 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பெயரளவுக்கு என்றாலும், அதைத் தொட முடிந்தது. ரத்தத்தில் இருப்பதை எந்தச் சட்டசபையும் மாற்ற முடியாது. தமிழில் மரபு என்றால் வழிவழியாக வந்த வழக்கம், மரபு என்றாலே மரபணுவும். இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடி வைத்திருப்பது சிலருக்கு வசதியாக இருக்கிறது.

அப்படியானால் சாதி உயிரியலை ஒன்றுமே செய்யவில்லையா என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். செய்திருக்கிறது. ஆனால் சொல்லப்படுகிறது போல இல்லை. 1916ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் சாரம் அகமணம் என்றார். அப்போது அவருக்கு வயசு இருபத்தைந்து. கிட்டத்தட்ட நூறு வருசம் கழித்து, 2013ல், ஐதராபாத் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் எழுபதுக்கு மேற்பட்ட குழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இந்தத் துணைக்கண்டத்து மக்கள் ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஒருவரோடு ஒருவர் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள், பழங்குடி என்றும் மேல்சாதி என்றும் கீழ்சாதி என்றும் இன்று சொல்லப்படுகிற அத்தனை பேரும். பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. கதவைச் சாத்தியதை இயற்கைத் தேர்வு என்று சொல்ல முடியாது. புகையானுக்கே கடல் தாண்டி வரத்துப் போக்கு உண்டு. வருசா வருசம் வியட்நாமிலிருந்தும் தென் சீனத்திலிருந்தும் காற்றோடு ஜப்பான் வரை போகிறது. எங்கள் சேரிக்கும் குடித்தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான்.

சாத்திய கதவுக்குள் நடப்பது என்ன? சின்னக் கூட்டத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்தால், எந்த மூதாதையிடமோ தற்செயலாக இருந்த ஒரு குறை பெருகிவிடும். அதற்கும் தகுதிக்கும் சம்பந்தம் இல்லை. ஆந்திரத்து ஆரிய வைசியர்களில் பலருக்கு பியூட்டைரில்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதி குறைவு. ஆப்பரேசன் சமயத்தில் தசையைத் தளர்த்த ஒரு குறிப்பிட்ட மருந்து கொடுத்தால் மூச்சு திரும்ப நெடுநேரம் ஆகும். டாக்டர்கள் இதை நன்கு அறிவார்கள். அப்பாவைச் சாய்த்த நொதியின் உடன்பிறப்பு அது. இதில் யாரையும் இகழ ஒன்றுமில்லை. சாதி, நல்ல வித்துக்களைப் பொறுக்கி எடுத்த முறை என்று வாதிடுகிறவர்களுக்கு அம்பேத்கர் 1936லேயே, லாகூரில் பேச விடாமல் போன அந்த உரையில், பதில் கேட்டிருந்தார்: அப்படிப் பொறுக்கி எடுத்து நீங்கள் உண்டாக்கிய மனிதர்களின் உடம்பு இந்த லட்சணத்தில் ஏன் இருக்கிறது என்று.

தகுதி என்பதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற நெல்லைப் பிலிப்பைன்ஸில் 1973ல் வெளியிட்டார்கள். இரண்டு மூன்று வருசத்தில் அங்கேயே அதைத் தின்னும் புகையான் பெருகிவிட்டது. நம் நாட்டுப் புகையானோ ஆரம்பத்திலிருந்தே அதைத் தின்றது. கேரளத்துப் பட்டாம்பியில் எடுத்த பி.டி.பி. 33 இரண்டு இடத்திலும் நின்றது. எது தகுதியுள்ள பூச்சி, எது தகுதியுள்ள நெல்? எந்த வயலில், எந்த வருசத்தில், யார் எதை நட்டபோது என்று கேட்காமல் அதற்குப் பதிலே கிடையாது. மருந்தைத் தாங்குகிற புகையான் மருந்து இல்லாத இடத்தில் மற்றதைவிடக் குறைவாக முட்டையிடுவதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அந்த ஆசிரியர் பலகையில் அடிக்கோடு போட்ட சொல் வயலில் ஓர் ஏணி மாதிரி நிற்கவில்லை. பூட்டுக்குப் பொருந்துகிற சாவி மாதிரி, இந்தப் பூட்டுக்கு இது, அவ்வளவுதான். வேலி வேலியாக நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் தகுதி என்று கேட்பவர், பூட்டையும் தானே செய்து சாவியையும் தானே வைத்திருப்பவர்.

இதுவரை எதிரிகளோடு பேசினேன். நம்மவர்களோடும் பேச வேண்டியிருக்கிறது. சில வருசத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆவேசமாகப் பேசினார். "ரெண்டாயிரம் வருசம் பட்டினி போட்டான், அடிச்சான், எரிச்சான். அதையும் தாண்டி நாம நிக்கிறோம்னா நாமதான்யா வலுத்தவன், டார்வின் சொன்னது நம்மளத்தான்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, இது அப்பாவின் வாக்கியம். பழகின ஒடம்பு. மிராசுதார் இழிவாகச் சொன்னதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், விசயம் ஒன்றே. நாம் வலுத்தவர்கள் என்றால் சாய்ந்தவர்கள் யார்?

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரைப் பூட்டி எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்களும் அவர்கள் கையைப் பிடித்திருந்தவர்களும் குடிசைக்குள் போனார்கள். கைப்பிள்ளையோடு இருந்த ஒரு தாய் அன்றைக்குத் தகுதி குறைந்தவளா? அவள் கருகியதால் சேரி அடுத்த தலைமுறையில் வலுத்ததா? கேட்கவே நாக்குக் கூசுகிறது. ஆனால் அந்த மேடைப்பேச்சு அதைத்தான் கேட்காமல் கேட்கிறது.

விஞ்ஞானத்தின் கணக்கில், பிறவி வேறுபாட்டோடு சம்பந்தமில்லாமல் நிகழும் சாவைத் தற்செயல் என்று ஒரு பக்கமாக எழுதிவிடுவார்கள். காட்டுத்தீயில் வெந்த வண்டு, வெள்ளத்தில் போன எலி. மரபணுவின் பக்கத்தில் நின்று பார்த்தால் வெண்மணியும் அந்தப் பத்தியில்தான் வரும். மனிதர் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் தற்செயலாக நடந்தது எதுவுமே இல்லை. கூலி உயர்த்திக் கேட்டார்கள், கொடி பிடித்தார்கள், அதற்காக ஆள் திரட்டி வந்து கொன்றார்கள். 1973ல் உயர் நீதிமன்றம், அவ்வளவு நிலபுலனும் காரும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியாமல், நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. இயற்கைத் தேர்வில் தேர்ந்தெடுக்கிறவர் என்று ஒருவர் இல்லை, யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால்தான் சாதியை இயற்கை என்று சொல்வதில் அத்தனை பேருக்கும் அத்தனை ஆசை. நாமும் அந்த மொழியைப் பேசினால், கூண்டில் நிற்க வேண்டியவரை நாமே இறக்கிவிட்டவர்கள் ஆவோம். பிழைத்ததில் நமக்குப் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா என்று அந்தத் தோழர் பிறகு என்னிடம் கோபித்துக்கொண்டார். சங்கம் கட்டியதில் இருக்கிறது, சாணிப்பாலை நிறுத்தியதில் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பியதில் இருக்கிறது என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும் அந்தக் கைதட்டலின் ருசி இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா அறுபதைத் தாண்டவில்லை. கடைசி வருசங்களில் கை நடுங்கும், டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார். மருந்தினால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். போன சம்பாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தெருப் பையன் ஒருவன் விசைத்தெளிப்பானை மாட்டிக்கொண்டு வயலுக்குள் நின்றான். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, வாயில் துண்டைக் கட்டியிருந்தான். காற்று அவன் முகத்தைப் பார்த்து அடித்தது. நான் வரப்பில் நின்று கூப்பிட்டு, "தம்பி, காத்துக்கு எதுக்க நிக்காத, காத்து திரும்புற வரைக்கும் செத்த ஒக்காரு" என்றேன். மோட்டாரை அணைத்துவிட்டுத் துண்டை இறக்கினான்.

"மா கணக்குலதாண்ணே கூலி. ஒக்காந்தா யாரு குடுப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் மோட்டாரைக் கிளப்பிவிட்டான்.